இரண்டு நிமிட மௌனம்: வாசிப்பவர் பாக்கியசீலன்

1

இந்தக் கதை பேட்டையில் ஒரு சலூன் நாற்காலியில் கிடைத்தது. வழித்த நுரையைத் துடைப்பதற்காகக் கடைக்காரர் ஒரு நோட்டீஸை நாலாகக் கிழித்து வைத்திருந்தார். என் தோளில் கிடந்த கால்வாசியில் 'ஜாஸ் மாலை' என்று இருந்தது. அதற்கு முன்னால் 'மாபெரும்', பின்னால் 'சிற்றுண்டி உண்டு'. மிச்ச முக்காலையும் வாங்கி மடியில் ஒட்டவைத்துப் பார்த்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்பு, தொடக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, கருத்துரை, நன்றியுரை என்று பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு பட்டம், பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'. வாசிக்கப்போகிறவன் பெயரைத் தேடினேன். நாற்காலி, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் எல்லாம் முடிந்து, அச்சகத்தின் செல்போன் எண்ணுக்கு ஒரு வரி மேலே இருந்தது: சாக்ஸபோன் – பாக்கியசீலன், பேட்டை. அதன்மேல்தான் என் நுரை இருந்தது.

(நுரை அங்கே இருந்தது என்பது பொய். அது நன்றியுரைக்காரர்மேல் இருந்தது. கதைக்காக இரண்டு அங்குலம் கீழே இறக்கினேன். இனிமேல் பொய் சொன்னால் அடைப்புக்குறி போட்டு ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளாத இடங்களைச் சந்தேகப்படுவது உங்கள் பொறுப்பு.)

2

முதல் வாக்கியத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

'மேற்கே பொதிகையில் மேகம் இறங்க, தாமிரபரணி தன் செம்பு நிறத்தில்—'

போதும். எங்கள் ஊர்க்காரன் பேனாவைத் திறந்தால் முதலில் ஆறுதான் வரும். மூடுவதற்குள் கதாபாத்திரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். ஆற்றை நான் கதை நடக்கிற மன்றத்தின் பின்சுவருக்கு அப்பால் ஒதுக்கிவைத்திருக்கிறேன். கூப்பிடும்வரை அங்கேயே ஓடட்டும்.

'புகை மண்டிய அறையின் மங்கிய நீல வெளிச்சத்தில், கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவன்—'

இது சாய்கிருஷ்ணன் சொல்லிக்கொடுத்த வாக்கியம். ஜாஸ் மாலையின் அமைப்பாளர் அவர். நியூ ஜெர்சியில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். உண்மையில் அந்த அறையில் எட்டு டியூப்லைட்டுகள் எரிந்தன. கொசுவர்த்தியைத் தவிர வேறு புகை இல்லை. கோட்டு உண்டு. ஆனால் சிவப்பு, தோளில் மஞ்சள் குஞ்சம். பேண்டு செட்டுக் கோட்டு.

'பாக்கியசீலனுக்கு வேண்டியது ஏழு நிமிடம்.'

இதை வைத்துக்கொள்வோம்.

3

பாக்கியசீலனுக்கு வேண்டியது ஏழு நிமிடம்.

வயது நாற்பத்தொன்பது. பகலில் பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டுகிறான். முகூர்த்த நாளிலும் துட்டி நாளிலும் பேண்டு செட்டில் சாக்ஸபோன். இருபத்தாறு வருஷத்தில் தச்சநல்லூரிலிருந்து ஆழ்வார்திருநகரிவரை அவன் வாசிக்காத தெரு கிடையாது. கேட்ட ஆளும் கிடையாது. கல்யாண வீட்டில் அவன் வாசிக்கும்போது சனம் சாப்பிடும். துட்டி வீட்டில் அழும்.

முதல் வரைவில் அவனுக்குத் தாடி, சோகக் கண்கள், கைகூடாத காதல் ஒன்று, மூன்றும் கொடுத்திருந்தேன். மேதை என்றால் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று. பிறகு மூன்றையும் பிடுங்கிவிட்டேன். இப்போது மீசை, சிறு தொப்பை, கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் விடுகிற சொட்டுமருந்து. அவ்வளவுதான் மிச்சம்.

ஒருநாள் மழையில் சவ ஊர்வலம் கிளம்பத் தாமதமானபோது, பந்தலுக்கடியில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவன், எந்த ஊரோ, ஒரு கிளப்பில் ஒரு மனிதர் சாக்ஸபோன் வாசிப்பதைப் பார்த்தான். மெட்டு முடிந்தது. மனிதர் நிறுத்தவில்லை. மெட்டைக் கழற்றிப் பாகம் பாகமாகத் தரையில் பரப்பி, வேறு மாதிரி பூட்ட ஆரம்பித்தார். பூட்டி முடித்ததும் ஒரு பாகம் கையில் மிஞ்சியது, அதையும் வாசித்தார். ஆனால் பாக்கியசீலனுக்கு மனதில் நின்றது அவருக்கு முன்னால் இருந்த நாற்காலிகள். அவற்றில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தட்டு இல்லை, யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

அன்றைக்கு அவனுக்கு ஆசை வந்தது. வாசிக்க அவனிடம் சொந்தமாக ஒன்று ஏற்கெனவே இருந்தது. பட்டறையில் மின்சாரம் போகும்போது லேத் சட்டென்று நிற்காது. சக்கரம் சுற்றிக்கொண்டே தளரும். உறுமல் பைய இறங்கி, இன்னும் இறங்கி, முனகலாகி, அது அடங்கின பிறகுதான் வெளியே ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது தெரியும். அந்த இறக்கத்தைச் சாக்ஸபோனில் பிடித்தான். நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கடைந்து, அதை ஏழு நிமிடத்துக்குக் கொண்டுவந்தான். 'மின்தடை' என்று பெயர் வைத்தான்.

"ஏழு நிமிஷமா? எதுக்குவே?" என்றான் மகாராஜா. பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவன். "பொண்ணு மாப்ள மேடை ஏற நாலு நிமிஷந்தான் ஆவுது."

"எவனும் திங்கக் கூடாது. எவனும் அழக் கூடாது. உக்காந்து கேக்கணும்."

"அப்படிச் சும்மா உக்காந்து இருக்கவன் நம்ம ஊர்ல உண்டுமாவே? இருந்தா அவனுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு அர்த்தம்."

"ஒருத்தன் போதும்லே."

"அப்பம் பஸ் ஸ்டாண்டுல போயி வாசியும். பஸ் வாரமட்டும் உக்காந்திருப்பான்."

4

ஜாஸ் வாசிக்கப்படுவது கிளப்பில் என்பது சாய்கிருஷ்ணனுக்குத் தெரியும். ஊரில் கிளப் தேடினார். கிடைத்தது ஒன்றுதான்: பொருநைக் கரை மனமகிழ் மன்றம். உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர்கள் மனம் மகிழ வருகிற இடம் என்று பலகை சொல்கிறது. உள்ளே யாரும் மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. சீட்டில் தோற்கிறவர் கோபத்தோடும் ஜெயிக்கிறவர் சந்தேகத்தோடும் இருப்பார்கள். நாலு சுவரிலும் 'அமைதி காக்கவும்'. எழுதிவைத்தவர் செயலாளர் ஞானசிகாமணி. ரேடியோ கூடாது, விசில் கூடாது, செல்போன் மணி கூடாது, சீட்டைக் கலைப்பதுகூட மெதுவாக. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பலகைகளைக் காத்தார். சாய்கிருஷ்ணன் ஜாஸுக்காக மூன்று மனு கொடுத்தார். மூன்றிலும் 'பரிசீலிக்க இயலாது'. போன மாதம் செயலாளர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நாலாவது மனு ஏற்கப்பட்டது.

(அவரைக் கொன்றது நான்தான். பின்னால் தேவைப்படுகிறார்.)

மன்றத் தலைவர் நெல்லையப்பன், சார்பதிவாளர் (ஓய்வு). நிகழ்ச்சி நிரலைக் கிரயப் பத்திரம் பார்ப்பதுபோல வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதென்ன, ஏழு நாப்பதுக்கு மின்தடைன்னு போட்டிருக்கு? நேரத்தை முன்கூட்டியே சொல்லுத அளவுக்குத் திருந்திட்டானுவளா?"

"அது இசைக்கோவை, சார்," என்றார் சாய்கிருஷ்ணன். "ஒரு தொழிலாளியோட உள்மன இருட்டு. ஒடுக்கப்பட்ட ஆன்மாவோட விசும்பல்."

"கரண்டு போறதுதான்யா," என்றான் பாக்கியசீலன். "லேத் நிக்கிற சத்தம்."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். தான் செய்ததைப் பற்றிச் செய்தவனுக்கு என்ன தெரியும் என்பதுபோல ஒரு பார்வை. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எட்டு மணிக்கு ஹால் வேணும், கேட்டீரா," என்றார் தலைவர். "ரம்மி போட்டி இருக்கு."

5

ஆறு மணிக்குக் கூட்டம். சாய்கிருஷ்ணன் பாக்கியசீலனை மேடையின் ஓரத்தில் மகாராஜாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "பேசறவா யாராவது வரலேன்னா உன்னைத்தான் முன்னாடி கூப்பிடுவேன், பாக்கியம். ரெடியா இரு."

அவன் நம்பினான். ரீடை* எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பத்தொன்பது பேரும் வந்தார்கள். நோட்டீஸில் இல்லாத இருபதாவது ஒருவரும் வந்தார். அவர்தான் அதிக நேரம் பேசினார். நெல்லையப்பன் தலைமையுரையில் சாக்ஸபோனின் பூர்வீகத்தை ஆராய்ந்து, அது இந்த ஆற்றங்கரையிலிருந்து முத்துக் கப்பலில் மேற்கே போனதாகவும், அங்கே போனபிறகு குளிருக்கு வளைந்துவிட்டதாகவும் நிறுவினார். கைதட்டினார்கள். சிறப்புரை ஜாஸின் அடிப்படை சுதந்திரம் என்றது. எழுதிக்கொண்டுவந்த பதினோரு பக்கத்தில் ஒரு வரியும் விடாமல் படித்தது. இன்னொருவர் பாக்கியசீலனைக் கைகாட்டி, "ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன், ஒரு வார்த்தை பேசவில்லை, இந்த அடக்கம்தான் கலை" என்றார்.

அடக்கத்துக்கு வாயில் ரீடு இருந்தது.

ஏழு இருபதுக்குச் சாய்கிருஷ்ணன் குனிந்து வந்தார். "பாக்கியம், ஏழு நிமிஷத்தை அஞ்சாக்கிண்டா பரவாயில்லையா?"

பதில் சொல்ல வேண்டுமானால் ரீடைத் துப்ப வேண்டும். படித்தவர் ஒருவர் குனிந்து நின்று கேட்கும்போது கையில் துப்புவது எப்படி? தவிர, பேண்டு செட்டுக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரர்கள் எது சொன்னாலும் முதலில் தலை ஆடிவிடும். பொண்ணு அழைப்பு தாமதம் என்றாலும், பாதையை மாற்று என்றாலும். தலை ஆடியது.

ஏழு முப்பத்தைந்துக்கு மறுபடியும் வந்தார். "மூணு?"

தலை ஆடியது.

"ஏன்வே தலைய ஆட்டுதீரு?" என்றான் மகாராஜா. "நாலு வருசமா கடைஞ்சீரு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லும்."

அதற்கும் தலை ஆடியது.

ஏழு நாற்பதுக்கு, அவன் பெயருக்கு நேரே அச்சடித்திருந்த நேரத்தில், அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றியதில் சாக்ஸபோன் உள்ளே மாட்டிக்கொண்டது. புகைப்படக்காரர் "சிரிங்க" என்றார். ரீடைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். அந்தப் படத்தில் அவனுக்குப் பல்வலி போல இருக்கிறது.

* சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் பூட்டுகிற, சீவிய நாணல் பட்டை. காய்ந்தால் வாத்து கத்துவதுபோலக் கத்தும். அதனால் வாசிக்கும்வரை வாயில் ஊறவைத்திருப்பார்கள். வழக்கம் ஐந்து நிமிடம். பாக்கியசீலன் அன்றைக்கு ஊறவைத்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். அதற்குள் ஊறுகாய் போட்டிருக்கலாம்.

6

ஏழு ஐம்பத்து மூன்றுக்கு முன்வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. 'காலஞ்சென்ற ஞானசிகாமணி அவர்களுக்கு மௌன அஞ்சலி விட்டுப்போயிற்று. அம்மா வந்திருக்கிறார்கள்.'

அம்மா என்பது செயலாளரின் மனைவி வடிவம்மாள் டீச்சர். நடு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நெல்லையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். நன்றியுரை, நாட்டுப்பண் எல்லாம் போக, கையில் இரண்டு நிமிடம் இருந்தது. மௌனத்துக்கு இரண்டு நிமிடம் வேண்டும். சாக்ஸபோனுக்கும் எதையாவது கொடுத்தாக வேண்டும், நோட்டீஸில் அடித்தாயிற்று. முப்பத்தாறு வருஷம் ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் பதியாமல் காத்த மனிதர், அன்றைக்கு ஒரே இரண்டு நிமிடத்தை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்தார்.

"அனைவரும் எழுந்து நிற்க வேண்டுகிறேன். மறைந்த நம் செயலாளருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அந்த மௌனத்தை இப்போது திரு. பாக்கியசீலன் சாக்ஸபோனில் வாசிப்பார்."

யாரும் சிரிக்கவில்லை. எண்பது இரும்பு நாற்காலிகள் தரையில் கீறிக்கொண்டு பின்னால் போயின. அந்தச் சத்தம் அடங்க அரை நிமிடம் ஆயிற்று.

பாக்கியசீலன் பொன்னாடையை உதறிவிட்டு எழுந்தான். ரீடைப் பூட்டினான். நிமிர்ந்து பார்த்தால், நாலு வருஷமாக அவன் மனதுக்குள் ஆள் வைத்து ஆள் வைத்துப் பார்த்த நாற்காலிகள் எல்லாம் காலி. எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். துட்டி வீடு மாதிரியே இருந்தது. பந்தல் மட்டும் இல்லை.

"வழக்கமானத வாசியும்வே," என்று மகாராஜா வாய்க்குள் சொன்னான். "ரெண்டு நிமிசம். முடிச்சிட்டு டிபன் திம்போம்."

வழக்கமானது விரல்நுனியில் இருந்தது. அவன் அதை வாசிக்கவில்லை. லேத்தை ஓடவிட்டான்.

கன உறுமலாக எழும்பியது. தேவைக்குமேல் ஊறிய ரீடு. சத்தம் கனத்துத்தான் வந்தது, முழு இரும்பு உருளையைப் பூட்டின மாதிரி. பிறகு எங்கோ மின்சாரம் போனது. உறுமல் இறங்க ஆரம்பித்தது. இறங்குகிற வழியில் ஒவ்வொரு படியிலும் நின்று, அந்தப் படியைக் கழற்றிப் பார்த்து, திருப்பிப் பூட்டி, அடுத்ததற்கு இறங்கினான்.

இரண்டு நிமிடம் முடிந்தது. யாரும் உட்காரவில்லை. மௌன அஞ்சலியில் தலைவர் 'அமரலாம்' என்று சொல்லாமல் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சாக்ஸபோன் ஓடும்போது தலைவர் அதைச் சொன்னால், செத்தவரைப் பாதியில் நிறுத்தின மாதிரி ஆகிவிடும், அதுவும் மனைவியை வைத்துக்கொண்டு. டீச்சர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்காரலாம். எண்பது பேரும் ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் முந்தின வரைவில் டீச்சரை அழவைத்திருந்தேன். பாக்கியசீலன் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறான், கண்ணீரை எடுத்துவிட்டேன். எடுத்ததும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஏதோ செய்வது தெரிந்தது.

"டீச்சர், உக்காருங்க, முட்டு வலிக்கப் போவுது," என்று பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னார்.

"செத்த சும்மா இரிங்க," என்றார் வடிவம்மாள். கண்ணைத் திறக்கவில்லை. "இந்த 'அமைதி' போர்டு எங்க வீட்லயும் தொங்கிச்சு, முப்பத்தெட்டு வருசம். இப்பந்தான் ஒரு சத்தம் கேக்கேன்."

நாலாவது நிமிடம் ரம்மிக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். எல்லோரும் நிற்பதைப் பார்த்து அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், கையில் சீட்டுக்கட்டோடு. நெல்லையப்பன் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டார். சாய்கிருஷ்ணனைப் பார்த்தார். அவர் செல்போனை உயர்த்தி நேரலை ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பாக்கியசீலனையே பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தலை ஆடவில்லை. ஆட்டினால் வாய் நகரும். வாய் நகர்ந்தால் சுருதி போகும்.

அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. தான் வாயை எடுக்கிறவரைக்கும் இந்த ஹாலில் ஒருத்தரும் உட்கார முடியாது. தின்ன முடியாது. பேச முடியாது. கேட்டதெல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. உட்கார்ந்து கேட்க ஒரு ஆள்.

ஐந்து நிமிடம். ஆறு.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ) நெல்லையப்பன் செருமுகிறார். "அமரலாம்." பாக்கியசீலன் பாதியில் நிறுத்துகிறான். டிபன் பந்தியில் நாலு பேர் அவன் கையைப் பிடித்து, "துட்டி வாசிப்புல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல அண்ணாச்சி" என்கிறார்கள். அடுத்த மாதம் மூன்று சாவுக்குக் கூப்பிடுகிறார்கள். (இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே வேண்டாம்.)

ஆ) ஆறரை நிமிடத்தில் நிஜமாகவே மின்சாரம் போய்விடுகிறது. இருட்டில் அவன்—

அடித்துவிட்டேன். இதற்கு நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இ) வடிவம்மாள் டீச்சர் கண்ணைத் திறந்து, பைய உட்காருகிறார். மடியில் கைப்பை. அவனை நேராகப் பார்க்கிறார். அவரைப் பார்த்து எண்பது பேரும் உட்காருகிறார்கள். கடைசி நிமிடம் அவனுக்குக் கிடைக்கிறது, கேட்டபடியே. இதை ஆசையோடு எழுதினேன். இரண்டு பக்கம். ஆனால் மகாராஜா இடையில் புகுந்துவிட்டான்:

"எண்பது இரும்பு நாற்காலிவே. உக்காந்தா சும்மா இருக்குமா? கடைசி நிமிசம் முனகல்தான வாசிக்காரு. ஒரு எழவும் கேக்காது."

அவன் சொல்வது சரி. எழுந்தபோது கீறின நாற்காலிகள் உட்காரும்போதும் கீறும். அந்தச் சத்தத்துக்கு அரை நிமிடம் என்று நானே எழுதிவைத்திருக்கிறேன், ஆறாம் பகுதியில். அந்த ஹாலுக்குள் அவனுக்கு வழி இல்லை. நின்றால் உட்கார்ந்து கேட்கிறவன் இல்லை, உட்கார்ந்தால் கேட்காது.

ஆகவே முடிக்கவில்லை. ஆறரை நிமிடத்தில் விட்டுவைத்திருக்கிறேன். பாக்கியசீலன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான். முனகலுக்கு வந்துவிட்டான். நெல்லையப்பன் ஒரு காலில் நிற்கிறார். ரம்மிக்காரர்கள் நிற்கிறார்கள். டீச்சர் கண் மூடி நிற்கிறார். நான் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் முறுக்கு இருக்கிறது. தின்றுகொண்டேதான் இவ்வளவும் எழுதினேன். என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நீங்கள் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்?

ஒருத்தன் போதும் என்றான் பாக்கியசீலன். கையில் ஏதாவது தின்பண்டம் இருந்தால் கீழே வையுங்கள். அழ வேண்டியது இல்லை. லேத் நிற்கிற சத்தம்தான் இது. இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. சக்கரம் தளர்ந்துகொண்டிருக்கிறது. பட்டறையாக இருந்தால் அது அடங்கின பிறகு காகம் கேட்கும். இங்கே காகம் இல்லை. பின்சுவருக்கு அப்பால் நான் ஒதுக்கிவைத்த ஆறு இருக்கிறது. அடங்கினால் அது கேட்கும்.

நாற்காலியை மட்டும் நகர்த்தாதீர்கள்.